முகம் மாற்றிய கூட்டம்

மாரா ஆற்றங்கரையில் எனக்கு ஜீப் ஓட்டிய லெமாயன் சொன்ன கதை இது. இருபது வருடங்களாக இதை நான் முழுதாக நம்பவில்லை. எங்கோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை.

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்தபோது, கூட்டம் கூட்டமாய் மேயும் காட்டு மான்களான வில்டபீஸ்ட்டுகளுக்கு வெளிறிய, அழகான முகங்கள் இருந்தன. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

ஒரு கோடையில் இக்கரைப் புல் கருகியது. அக்கரையில் மழை. நடுவே ஆற்றில் முதலை கிடந்தது.

"ஒன்றைக் கொடுங்கள், மற்றவர்கள் போகலாம். யாரை என்று கேட்க மாட்டேன். எனக்கும் மரியாதை தெரியும்" என்றது.

மூன்று நாள் நின்றார்கள். அந்த ஆண்டு பிழைத்திருந்தது ஒரே ஒரு கன்று. அதன் தாய் மேட்டுக்கு அப்பால் புல் தேடக் கிளம்பினாள்.

"பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா."

"போய் வாடி. இத்தனை பேர் இருக்கிறோமே!"

அவள் தலை மறைந்ததும் எல்லாரும் கன்றைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். தள்ளியது எந்தத் தோள் என்று யாருக்கும் தெரியாது. கன்று ஒருமுறைதான் கத்தியது.

அக்கரை ஏறியபின்தான் பயம் வந்தது. "நம் முகத்தைப் பார்த்தாலே அவள் கண்டுபிடித்துவிடுவாள்."

எருமையிடம் கொம்பு வாங்கினார்கள். ஆட்டிடம் தாடி, வரிக்குதிரையிடம் பிடரிமயிர். முகத்தில் கருஞ்சேற்றைப் பூசினார்கள். கழுதைப்புலியிடம் அதன் சரிந்த முதுகைக் கேட்டார்கள்.

"என் முதுகா? எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அது சிரித்தது. "நான்கூட அடுத்தவன் பிள்ளையைத்தான் தின்கிறேன்."

தாய் ஆற்றைக் கடந்து வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என் பிள்ளையைக் கண்டீர்களா?"

"நாங்கள் வேறு கூட்டம், தாயே."

"அப்படியானால் என் ஆட்கள் அக்கரையில்தான் இருப்பார்கள்" என்று அவள் மறுபடி ஆற்றில் இறங்கப் போனாள்.

அன்று முதல்தான் வில்டபீஸ்ட்டுகள் இரவல் உடம்போடு, தலையைத் தொங்கப்போட்டு, கடந்த ஆற்றையே திரும்பவும் கடக்கின்றன. ஒற்றைக் கன்று என்று ஒன்று இனி இருக்கக் கூடாது என்று எல்லாத் தாய்களும் ஒரே சமயத்தில் ஈனுவதும் அன்று முதல்தான்.

போன வருடம் லெமாயனை மறுபடி பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டுச் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கும் கரிய முகங்கள். அப்போதுதான் கேட்டேன்:

"அவள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லையே, லெமாயன். இத்தனை ஆயிரத்தில் அந்தப் பழைய முகம் ஒன்றுகூட இல்லை. அவளை என்ன செய்தார்கள்?"