மூணு மாசம் பூக்கிற தோட்டம்

ஒரு ஊர்ல ஒரு அம்மா. கோத்தகிரிப் பக்கம், பேரு செங்கமலம். ஒரே மக வாசுகி. அவ திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டா. துணியில தொங்குற பிசிறு நூலை வெட்டுற வேலை. போகும்போது, "வீட்ல டாஃபோடில் பூச்செடி வைம்மா, பூத்தா வந்து பாக்குறேன்"னா. கேக்குறியாடி?

"ம்."

அப்போ அந்தம்மா கிடுகிடுன்னு நர்சரிக்குப் போச்சு. அந்தச் செடிக்குக் கிழங்குதான் நடணும், வெங்காயமாட்டம் இருக்கும், அங்க முப்பது வகை. நர்சரிக்காரர், "இந்தப் பெரிய பூவ வாங்கு, எடுப்பா இருக்கும்"னார். "எடுப்பு கிடக்கட்டும். எது முதல்ல பூக்கும், எது கடைசியா பூக்கும், அதச் சொல்லுங்க"ன்னுச்சு. ஒரு பூவுக்கு லீவு கிடைக்கலன்னா இன்னொரு பூவுக்காவது மக வருவால்ல. அதான்.

அப்புறம் மூணு வகை பொறுக்கி நட்டுச்சு. தையில நீட்டுக் குழல் வச்ச மஞ்சப்பூ பூத்துச்சு. அம்மா போன் போட்டா, மக "ஓவர்டைம்மா"ன்னா. மாசியில வெள்ளப்பூ, நடுவுல ஆரஞ்சுக் கிண்ணம். "ஷிப்மென்ட் இருக்கும்மா." அப்புறம் பங்குனியில குட்டிப்பூ, ஒரு தண்டுல ரெண்டு மூணு, கமகமன்னு வாசம். போனையே எடுக்கல. எனக்கு அவ மேல கோவம்தான்.

"ம்ம்."

சித்திரை ஒண்ணுக்கு வந்தா. பூவெல்லாம் வாடிப்போச்சு. இலை பாதி பச்சை, பாதி பழுப்பாத் தொங்குது. அந்த இலை தானாக் காயணும்டி, அப்பத்தான் கிழங்குல சத்து சேந்து அடுத்த வருஷம் பூக்கும். அவளுக்கு என்ன தெரியும்? நாள் பூரா பிசிறு வெட்டுன கை, தொங்குறதப் பாத்தா சும்மா இருக்குமா? அம்மா டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள நறுக் நறுக் நறுக்குன்னு தரையோட வெட்டிட்டா.

"பாத்தியாம்மா, எப்படிச் சுத்தமாக்கிட்டேன்?"

அந்தம்மா டீயக் கொடுத்துச்சு.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன். பூக்கும்ல?"

"பூக்கும்."

"பூத்துச்சா பெரியம்மா?"

எப்படிடி பூக்கும்? அடுத்த தையில அவளே போன் பண்ணா. "லீவு கேட்டா தர்றேன்னுட்டாங்கம்மா, பூத்துச்சா?" "இன்னும் இல்ல கண்ணு"ன்னுச்சு. மாசியிலயும் கேட்டா, இன்னும் இல்ல. பங்குனியிலயும் இன்னும் இல்ல. பூ இல்லன்னா என்ன, நீ வாடின்னு அந்தம்மாவுக்குச் சொல்லத் தெரியல.

அவ்வளவுதான், கதையப் போத்தி மூடியாச்சு, நீயும் போத்திக்கிட்டுத் தூங்கு.