பாசி மேலே இருக்கும் கட்டை

ஏழு மலைக்கு அந்தப் பக்கம், மேகம் தரையில் இறங்கி நடந்த காலத்தில், நெடுங்கோ என்றொரு ராசா இருந்தான். கோட்டைக்குக் கதவு செய்ய அவனுக்கு மரம் வேண்டியிருந்தது. கண் போய்ச் சோலைக்காட்டில் விழுந்தது.

அந்தக் காட்டில் கிழங்கு தோண்டிப் பிழைப்பவள் சிலம்பாயி. நேரே அரண்மனைக்குப் போனாள்.

“வெட்டாதீங்க ராசா. நம்ம ஆத்துக்கு ஊத்து அங்கதான் இருக்கு.”

“அந்த மேட்டுக்காட்டில் ஏது தண்ணீர்?”

“ஈரப்பல்லி இருக்கே. ஈரம் காயாத இடத்துலதான் அது குடியிருக்கும்.”

பல்லி மாதிரி வால், தவளை மாதிரி தோல், விரல் நீளந்தான் ஈரப்பல்லி; காட்டில் விழுந்து பாசி படர்ந்த கட்டைக்கு அடியில் கிடக்கும். ராசா அதைப் பார்த்ததே இல்லை.

“மூன்று நாளில் என் கண்ணுக்குக் காட்டு. இல்லையென்றால் கோடாரிதான்” என்றான்.

கிழங்குக்காரி காட்டுவதை நாம் காட்டமாட்டோமா என்று தளபதி வல்லையன் முந்திக்கொண்டான். இரண்டு நாள், நூறு வீரர், கண்ட கட்டையெல்லாம் புரட்டல். ஓர் ஈரப்பல்லியும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் ராசாவோடும் தளபதியோடும் சிலம்பாயி உள்ளே போனாள். அவள் அறிந்த கட்டையெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. பாசி கீழே, காய்ந்த அடி மேலே.

முதல் கட்டையைத் தூக்கினாள். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதும் காலி. ஆனாலும் ஒவ்வொன்றையும் பாசி மேலே வரும்படி திருப்பி வைத்தாள்.

“தேடுகிறாயா, வீடு கூட்டுகிறாயா?” என்று சிரித்தான் வல்லையன்.

யாரும் புரட்டாமல் பாசி மேலே இருக்கும் கட்டை எது என்றுதான் சிலம்பாயியின் கண் தேடியது. ஒன்றே ஒன்று இருந்தது. கால் வலித்த ராசா அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

“கொஞ்சம் எழுந்திரிங்க ராசா. இத மட்டும் ஏன் தளபதி விட்டுட்டார்?”

வல்லையன் கழுத்தைச் சொறிந்தான். “அதில் உட்கார்ந்துதான் நான் உத்தரவு போட்டேன்.”

கட்டையைத் தன் பக்கமாக மெல்லத் தூக்கினாள். கீழே ஈரமண். முட்டைகளைச் சுற்றி வாலை வளைத்து, மினுமினுவென்று ஈரப்பல்லி படுத்திருந்தது. ராசா மண்டியிட்டான். கை நீண்டது.

“உங்க கை காஞ்சிருக்கு ராசா. தொட்டா அதுக்குத் தோல் எரியும். பாருங்க, போதும்.”

ராசா கையை மடக்கிக்கொண்டான். மூன்று மூச்சு நேரம் பார்த்தான். “கோடாரிகளைத் திருப்பி அனுப்பு” என்று வல்லையனிடம் சொல்லிவிட்டு இறங்கினான்.

ஒன்றைக் காண ஆசைப்படுகிறவர், கண்டபின் அதன் வீட்டை இருந்தபடியே மூடிவிட்டு வரவேண்டும்.

வல்லையனும் இறங்கிப் போனான். சிலம்பாயி ஈரப்பல்லியின் கட்டையை இருந்தபடியே மெல்ல மூடினாள்; வீரர்கள் புரட்டிய மிச்சக் கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.