குமுதவல்லி செத்த இடம்

நெல்மண்டி முதலாளி சபாபதி ஒரு நாவல் வெளியிட்டார். விழாவில் பேசிய புலவர்கள் எல்லோரும் வாயாரப் புகழ்ந்து, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மண்டியில் நெல் புடைக்கும் பவுனாம்பாள், நூலகத்துக் கதைகளை எல்லாம் படித்துவிட்டு, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே ஊரறியச் சொல்கிறவள். நெல் புடைக்கும் கூலியில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. முதலாளி அவளை மேடைக்குக் கூப்பிட்டார்.

"என் புத்தகத்தைப் படிச்சியா?"

"ரெண்டு தரம் படிச்சேன் முதலாளி."

"அப்போ மனசுல பட்டதைச் சொல்லு. பொய் சொன்னா நாளையிலிருந்து வேலை கிடையாது. குறை சொன்னாலும் கிடையாது."

கூட்டம் சிரித்தது. பவுனாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கறேன். கதையில குமுதவல்லி கிணத்துல விழுந்து சாகும்போது உங்களுக்கு அழுகை வரலியா?"

"வராம இருக்குமா? அந்த இடத்தை எழுதிட்டு மூணு நாள் நான் சோறே தொடலை."

"எங்களுக்கும் தொண்டை அடைத்துவிட்டது" என்றார்கள் புலவர்கள்.

"அவ சாகவே இல்லையே முதலாளி! கடைசிப் பக்கத்துல பிள்ளைக்குத் தொட்டில் கட்டறா."

ஒரு புலவரின் கையிலிருந்த சோடா பாட்டில் நழுவி, மேடை முழுக்க உருண்டது. முன்வரிசையில் ஒருவர் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தொட்டில் இருந்தது.

"இப்போ என் கருத்தைச் சொல்லிடறேன். ரொம்ப நல்ல கதை, ஒரு குறையும் இல்லை. எழுதினவங்களைப் பாத்தா சொல்லுங்க. நான் காலையில வேலைக்கு வந்துடறேன்."