சாத்தான் நெற்றியில் உபயம்

எங்கள் ஊர்க் கோயிலுக்கு வானதூதரான மிக்கேல் சம்மனசின் புதுச் சுரூபத்தை வாங்கிக் கொடுத்தவர் ரைஸ்மில் ஞானாதிக்கம். சம்மனசு வாளோடு நிற்பார். காலடியில் சாத்தான் மல்லாந்து கிடப்பான். ஞானாதிக்கத்துக்கு இரண்டு பேரைப் பற்றியும் கவலையில்லை. பீடத்தில் எழுதின தன் பேர் திருவிழா மாலைகளுக்குள் மறைந்துவிடுமே என்பதுதான் கவலை.

மணியடிக்கிற கோயில்பிள்ளை இன்னாசியைக் கூப்பிட்டார்.

"மாலையைக் குறைச்சா சனம் சண்டைக்கு வரும். சம்மனசு மேல எழுதினா சாமியார் விடமாட்டார். ஆனா சப்பரம் சுத்தும்போது என் பேரை ஊரே பாக்கணும். இல்லேன்னா நாளையிலிருந்து வேற ஆள் மணியடிப்பான்."

"ஊரே பாக்கும் முதலாளி" என்றார் இன்னாசி.

சப்பரம் கிளம்பியது. பேர் பளிச்சென்று தெரிந்தது. சாத்தானின் நெற்றியில், சிவப்புப் பெயிண்டில், கொட்டை எழுத்தில்.

எங்கள் ஊரில் நேர்ச்சை உப்பையும் மிளகையும் சாத்தான் மூஞ்சியைப் பார்த்துத்தான் எறிவோம். அன்றைக்கு ஒருத்தர் குறியும் தப்பவில்லை.

"அழிடா அதை!" என்று கத்தினார் ஞானாதிக்கம்.

"மாலை மறைக்காத இடம் அது ஒண்ணுதான் முதலாளி. சாத்தானுக்கு யாரு மாலை போடுறா?"

தூக்கினவர்கள் சிரித்ததில் சப்பரமே ஆடியது.

மறுநாள் விடிந்ததும் ஞானாதிக்கம் கோயிலுக்கு வந்தார். "என் பேரே வேண்டாம்யா. 'ஒரு விசுவாசி'ன்னு போட்டாப் போதும்."

"எங்க போடட்டும் முதலாளி?"

"மாலைக்கு அடியில."

இன்னாசி போய்ப் பூசைக்கு மணியடித்தார்.