கோலே விடாத கீப்பர்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ் பொண்ணுங்க ஹாக்கி டீம். கீப்பர் ரெண்டு பேரு, பேடு மட்டும் ஒரே செட்டு. அந்தப் பேடு மூணு வருஷமா கிரேஸ் கால்லயேதான் கெடந்துச்சு. அதுக்கு வாரு மாட்டிவிடுறதுதான் இன்னொரு கீப்பர் இசக்கியோட வேலை. "அனுபவம் இல்லாதவள எறக்க மாட்டேன்"னு டீம் செக்ரட்டரி தனுஷ்கோடி சட்டம் போட்டிருந்தாரு. இவரு என்னமோ மட்டையோடவே பொறந்தவரு மாதிரி!

ஓய்வே இல்லாம ஆடின கிரேஸ், ஒருநாள் களைச்சுப்போயி நாலு கோல் விட்டுட்டா. பிரின்சிபால் முன்னாடியே தனுஷ்கோடி சாமியாடினாரு. "கோலே விடாத கீப்பர் ஒருத்தியக் காட்டுங்க! நாளைக்கு அவளத்தான் எறக்குவேன்!"

இசக்கி கையத் தூக்கினா. "நான் இருக்கேன் சார். இந்த டீமுக்கு வந்ததுலருந்து ஒரு கோல்கூட விட்டதில்ல."

"ஏம்மா, மேட்சே ஆடாம எப்படி கோல் விடுவ?"

"மேட்சே ஆடாம அனுபவம் மட்டும் எப்படி சார் வரும்?"

பிரின்சிபாலே சிரிச்சுட்டாரு. தனுஷ்கோடிக்கு மூஞ்சி செவந்துபோச்சு.

"முழு மேட்சும் வேண்டாம் சார். மொத பாதி எனக்கு, மறுபாதி கிரேஸுக்கு. அவளும் பாவம், மூச்சு வாங்கட்டும்."

மறுநாள் இசக்கி பாஞ்சு பாஞ்சு தடுத்தா. ஒண்ணே ஒண்ணு உள்ள போயிருச்சு. பாதி நேரத்துல அதுக்குன்னே காத்திருந்த தனுஷ்கோடி ஓடி வந்தாரு.

"என்னம்மா, விட்டுட்டியே?"

இசக்கி கால நீட்டினா. கிரேஸ் குனிஞ்சு வாரக் கழட்டிவிட்டா.

"ஆமா சார். இப்ப எனக்கு அனுபவம் வந்துருச்சு. அடுத்த மேட்சுக்கும் எறக்கலாம்."