எல்லாம் தீரும்

கடலுக்கு அப்பால் ஒரு மகாராணி அரியணையில் அமர்ந்திருக்க, இங்கே அவள் பெயரைச் சொல்லி வரி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது வெள்ளாங்கரை என்று கடலோரத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் பேராச்சி என்று ஒருத்தி உப்புக் கூடை சுமந்து விற்றுவந்தாள். அவள் புருஷன் மாசானம் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை செய்தான். காளவாசல் புழுதி நெஞ்சில் இறங்கி அவனுக்குத் தீராத இருமல். அவன் இருமும்போதெல்லாம் பேராச்சிக்குத் தன் நெஞ்சே கிழிவது போல வலிக்கும்.

கேளுங்கள், அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பானையில் அரிசி காலியானாலும், கூடையில் உப்பு காலியானாலும் 'தீர்ந்தது' என்று வாயால் சொல்லமாட்டார்கள். 'பெருகிருச்சு' என்பார்கள். வெறும் பானையைக் கையில் வைத்துக்கொண்டு பெருகிருச்சு என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். வாயில் வரும் சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிடும் என்பது அவர்கள் பயம்.

ஒரு நாள் உச்சிவெயிலில், காலடியில் நிழல் விழாத நேரத்தில், ஊர்ச் சாவடிக்கு முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. மாடுகளுக்கு மூச்சு வாங்கவில்லை. வண்டியிலிருந்து நீளக் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாய் ஒருவன் இறங்கினான். அந்த வெயிலிலும் அவன் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பார்த்தால் துரை மாதிரி இருந்தான். வாயைத் திறந்தால் நம் ஊர்த் தமிழ். வண்டி நிறைய நீலப் புட்டிகள். ஒவ்வொரு புட்டியிலும் ஒட்டிய காகிதத்தில் இரண்டே இரண்டு சொல்: எல்லாம் தீரும்.

"சீமை மருந்து, தாய்மாரே! சளியா, சூலையா, சொறியா, மாமியார் தொல்லையா, எல்லாம் தீரும்! வாரம் ஒரு புட்டி, மொத்தம் மூணே புட்டி. காசு வேண்டாம். குடிச்சு முடிச்சதும் காலிப் புட்டியில வாய் வச்சு 'தீர்ந்தது'ன்னு ஒரு சொல் சொல்லி, மூடித் திருப்பிக் குடுங்க. சொல்ல முடியாதவங்களுக்காக வீட்டு ஆளுங்க சொல்லலாம்."

இனாம் என்றால் நம் ஆட்களைக் கேட்கவா வேண்டும்? சாவடியில் கூட்டம் முண்டியடித்தது. அரிசிக்குச் சொல்லாத சொல்லை மருந்துக்குச் சொன்னால் என்ன, நோய்தானே தீர்கிறது என்று நினைத்தார்கள். பேராச்சியும் அப்படித்தான் நினைத்தாள், பாவம். மாசானத்தைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்னால் நிறுத்தியதே அவள்தான். தனக்கு நோவு ஒன்றும் இல்லை என்று அவள் மட்டும் புட்டி வாங்கவில்லை.

முதல் புட்டி குடித்தான். இருமல் போயிற்று. பேராச்சி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

இரண்டாம் புட்டி குடித்தான். பசி போயிற்று, சிரிப்பும் போயிற்று. மாசானத்தின் சிரிப்பு ஊருக்கே தெரிந்த சிரிப்பு. வெடித்துக் கிளம்பி விக்கலில் போய் முடியும். அவள் கருவாட்டைக் கருக்கிவிட்டால் அப்படித்தான் சிரிப்பான். இப்போது கருகியதை வைத்தாலும் வெறுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊரும் அப்படியே ஆனது. முதலில் இருமல் சத்தம் நின்றது. பிறகு கிணற்றடியில் சண்டைச் சத்தம் நின்றது. பிறகு சிரிப்புச் சத்தம் நின்றது. கைக்குழந்தைகள்கூடத் தொட்டிலில் கண்ணை விழித்துக்கொண்டு சும்மா கிடந்தன.

மூன்றாம் வாரம், ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிய மாசானம் வாசலில் நின்று, "போறேன்" என்றான்.

பேராச்சி ஓடிவந்து மறித்தாள். "என்ன மாமா பேச்சு இது? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

"எதுக்கு?" என்றான் மாசானம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவள் மனசே இல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். "உப்போய்" என்று கூவினாள். ஒருவரும் எழுந்து வரவில்லை. பார்த்தால், மூன்றாம் புட்டி குடித்தவர்கள் வாசலுக்கு வாசல் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது, இமையில் ஈ உட்கார்ந்திருந்தது. ஒருவரும் ஈயை ஓட்டவில்லை.

பேராச்சி கூடையைப் போட்டுவிட்டுச் சாவடிக்கு ஓடினாள். அதற்குள் உச்சிவெயில் ஏறியிருந்தது. மாசானம் காளவாசலுக்குப் போகாமல் அங்கே மூன்றாம் புட்டியைக் குடித்து முடித்து, அதைக் கையில் பிடித்தபடி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கிடந்தான். உலுக்கினாள். "மாமா, மாமா" என்று கத்தினாள். அவன் பார்வை அவளைத் தாண்டி எங்கோ இருந்தது.

அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. வண்டிக்குள் மூடி வைத்திருந்த காலிப் புட்டிகள் மெதுவாக இருமின. ஒரு புட்டிக்குள் குழந்தை அழுதது. இன்னொன்றில் ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பி விக்கலில் முடிந்தது. வண்டியருகே நின்ற புட்டிக்காரனிடம் பாய்ந்தாள்.

"அடப் பாவி, நோய் தீரும்னுதானே சொன்ன!"

"நோய்னு நான் எங்க தாயி சொன்னேன்?" என்று காகிதத்தைத் தொட்டுக் காட்டினான் புட்டிக்காரன். "எல்லாம் தீரும்னு எழுதியிருக்கு. எல்லாத்தையும் குடுத்ததும் நீங்க, சொல்லைச் சொன்னதும் நீங்க. இவனுக்கு இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. நாக்கு எழும்பல பாரு. வீட்டுக்காரி நீ சொல்லிரு. சொல்லலைன்னா இவன் இப்படியேதான் கிடப்பான். சொன்னா, பாதியில கிடக்கிற இந்த அவஸ்தையாவது முடியும்."

பேராச்சி புருஷன் கையிலிருந்த புட்டியை வாங்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பாத்திரத்தைக் கையில் வாங்கினால் ஓர் உப்புக்காரி என்ன சொல்வாள்? பிறந்த நாள்முதலாய்ச் சொல்லிவந்த சொல் அதுவாகவே வந்தது. புட்டியின் வாயில் வாய் வைத்துச் சொன்னாள்:

"பெருகிருச்சு."

புட்டிக்காரன் முகம் வெளுத்தது. "அந்தச் சொல் இல்ல தாயி, அந்தச் சொல் இல்ல!" என்று கையை நீட்டினான். அதற்குள் புட்டி அவள் கையில் கனத்தது, நிறைந்தது, வெடித்தது. வண்டியில் இருந்தவை ஒவ்வொன்றாய் வெடித்தன. இருமலும் அழுகையும் சண்டையும் சிரிப்பும் கூச்சல் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் பாய்ந்தன. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்திலிருந்த ஈயை ஓட்டினார்கள். புட்டிக்காரன் நின்ற இடத்தில் கோட்டும் தொப்பியும் மட்டும் கிடந்தன. கோட்டுக்குள் ஆள் இருந்த சூடுகூட இல்லை.

மாசானம் எழுந்து உட்கார்ந்து இருமினான். விடாமல் இருமினான். கண்ணில் நீர் வர இருமிவிட்டு, "ஏ பேராச்சி, பசிக்குது" என்றான். அவள் அந்த இருமலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிறகு ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் கொடுத்தாள். அது இருமலை மட்டும் கொஞ்சம் தணித்தது. பனிக்காலத்தில் கூடும், வெயில் காலத்தில் குறையும். மறுநாள் காலை மாசானம் வாசலில் நின்று, இருமலுக்கு நடுவே, "போயிட்டு வாரேன்" என்றான். பேராச்சிக்கு அது போதுமாயிருந்தது.

ஆகவே கதை கேட்டவர்களே, எல்லாவற்றையும் தீர்ப்பேன் என்று வருகிற மருந்து நோயோடு நிற்காது, ஆளையும் சேர்த்தே தீர்த்துவிடும்.