டிக்கிக்குப் போன பெட்ரோல் பம்பு

கோயமுத்தூரில் கோகிலவாணியின் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் அவளைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பார்கள். முப்பத்தெட்டு வயது. ரேஸ் வண்டிகள் தயார் செய்யும் கொட்டகை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கை கறுத்து, பிறகு தனியாகக் கடை போட்டவள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் மட்டும்தான் கை வைப்பாள். பேச்சு குறைவு. ஒன்று கேட்டால் வேறொன்றைச் சொல்வாள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள் என்று தெரியும்.

அவளுடைய சீடர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தாறு வயது. மில்லில் ஃபிட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒரு நாள் வந்து, "அம்மணி, தொழில் கத்துக்கலாமுங்களா?" என்று நின்றார். "கத்துக்கங்ணா" என்றாள். அன்றிலிருந்து அவள் குரு, இவர் சீடர். முதலில் கிண்டலுக்குத்தான் அவளைக் குரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அந்தக் கிண்டல் எங்கே கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

இது நடந்த அன்று குருவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்துக்குள் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதனால் வழக்கத்தைவிடவும் பேச்சு குறைந்துவிட்டது. பல்வலிக்காரர்கள் எல்லோருமே பார்ப்பதற்கு ஞானி மாதிரிதான் இருப்பார்கள். அதை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெய்வசிகாமணி காலையில் வரும்போதே களைத்துப்போய் வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தார்.

"தூங்கலீங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"தூங்கி ரெண்டு வருசமாச்சு அம்மணி."

அதில் மிகை ஒன்றும் இல்லை. அவருடைய அண்ணன் ஆறுச்சாமி வாதம் வந்து விழுந்து, தம்பி வீட்டு முன்னறையில் கட்டிலோடு கிடக்க ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆகிறது. வலது பக்கம் வராது. பேச்சும் போய்விட்டது. இடது கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அதைத் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார். திருப்பிப் படுக்க வைக்கத் தட்டுவார். பாதி நேரம் ஒன்றுமே வேண்டியிருக்காது. பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கத் தட்டுவார். பகலில் தெய்வசிகாமணியின் மனைவி வசந்தாமணி பார்த்துக்கொள்வாள். இருட்டியதிலிருந்து விடியும் வரை இவர் பாடு.

பாசம் பொங்கும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடக் கூடாது. கிணற்றுப் பங்குக்காகத் தம்பியைப் பதினொரு வருஷம் கோர்ட்டுக்கு அலையவிட்ட அண்ணன் அவர். பிள்ளை குட்டி கிடையாது, பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். விழுந்தபோது தூக்குவதற்கு வேறு ஆள் இல்லை, இவர் தூக்கினார், அவ்வளவுதான். இப்போது அண்ணன்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. வெறும் அலுப்பு. சாப்பிடுவதற்கு வாயைத் திறப்பதுகூட ஒரு வேலையாகத் தோன்றும் அலுப்பு.

"ஒண்ணு கேக்கோணும் அம்மணி."

"கேளுங்ணா."

"பொள்ளாச்சி ரோட்டுல ஒரு இல்லம் இருக்குதுங்க. படுக்கையில கெடக்கற ஆளுகளப் பாத்துக்கறாங்க. நேர்ல போயிப் பாத்தேன், சுத்தமாத்தான் வெச்சிருக்கறாங்க. ஒரு கட்டில் காலியாயிருக்குதாம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஆமா இல்லேன்னு சொல்லிப்போடோணும். இல்லீன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

"வூட்டுல என்ன சொல்றாங்க?"

"உங்கண்ணன், நீங்களே ரோசனை பண்ணிக்கங்கன்னுட்டா." கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்கத் தேவையில்லை. ஆனாலும் துடைத்தார். "பின்னாடி ஷெட்டுக்குக் கட்டிலை மாத்திப் பாத்தனுங்க. அங்கிருந்து தட்டுனாலும் கேக்குது. அனுப்பிப்போடலாமுங்களா?"

கோகிலவாணி கிராம்பை நாக்கால் ஓரமாகத் தள்ளினாள்.

"டாக்டர் வண்டியில பம்பை இன்னைக்கு எடம் மாத்திருங்க."

"நான் எங்கண்ணனைக் கேட்டனுங்க."

"நான் பம்பைச் சொன்னனுங்க."

டாக்டர் வண்டி என்பது ஒரு கண் டாக்டருடையது. ரெண்டு பேர் மட்டும் உட்காருகிற, கூரை இல்லாத, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த சிவப்பு வண்டி. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பு அதில் கரண்டில் ஓடுவது. ஓடுகிற வரைக்கும் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ அதை இருக்கைக்குப் பின்னாலிருக்கும் தகட்டில் நேராக முறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஓட்டுகிறவரின் பிடரிக்கும் அதற்கும் ஒரு முழம்தான் தூரம். தகடு வேறு ஒவ்வொரு அடியையும் வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. "ஆபரேஷன் பண்ணும்போதுகூட மண்டைக்குள்ள அடிக்குதும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோயாளிகள் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

"எங்க மாட்டட்டுமுங்க?" என்று விறைப்பாகக் கேட்டார் தெய்வசிகாமணி.

"சத்தம் கேக்காத எடத்துல. டாக்டர் கேட்டது அதத்தானே."

கோபம் வந்தால் தெய்வசிகாமணி நன்றாக வேலை செய்வார். டிக்கிக்குள் டேங்கை ஒட்டினாற்போலத் தாழ்வாக ஓர் இடம் பார்த்தார். இந்தப் பம்பு தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பேறி. டேங்குக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கும் சுகம். இரும்புப் பட்டையை வளைத்துத் துளை போட்டார். பம்புக்கும் பட்டைக்கும் நடுவில் ரப்பர் வைத்து முறுக்கினார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, முன்னால் வந்து இருக்கையில் உட்கார்ந்து காதைக் கொடுத்தார்.

மெலிசாகக் கேட்டது.

கழற்றினார். இன்னொரு ரப்பர் வைத்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். இன்னும் கேட்டது. வேறு யாராவதாக இருந்தால் போதும் என்று விட்டிருப்பார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய கன்வேயர் பெல்ட்டில் ஒரு தடித்த துண்டை வெட்டி அடியில் கொடுத்தார். டிக்கி மூடியின் உள்பக்கம் முழுக்கக் கெட்டித் துணி ஒட்டினார். கடைசியில் உட்கார்ந்து கேட்டபோது ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

கோகிலவாணி வந்து குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு குழாயாக இழுத்துப் பார்த்தாள்.

"எர்த்து?"

"தனி வயரு இழுத்துட்டனுங்க." ரப்பர் வழியாகக் கரண்ட் திரும்பாது. அதை மறந்துவிட்டுப் பம்பு ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர் மறக்கவில்லை.

"நல்லா மாட்டியிருக்கீங்க."

இந்த மாதிரி ஒரு வார்த்தை குருவின் வாயிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும். அதற்குச் சந்தோஷப்படக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"அன்னூர் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. தனியாப் போங்க."

"மணி ஒண்ணாகப் போகுதுங்க. நாலு மணிக்கு நான் அவங்களுக்குச் சொல்லோணும்."

"ரெண்டரைக்கெல்லாம் வந்தரலாமுங்ணா."

சத்தி ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இழுவையில் ஒரு குறையும் இல்லை. முகத்தில் காற்று அடித்தது. பின்னால் எதுவும் அடிக்கவில்லை. ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக எந்தத் தட்டலும் காதில் விழாத ஓர் இடத்தில் இருந்தார். கணபதி தாண்டும் வரை அது நன்றாகத்தான் இருந்தது.

சரவணம்பட்டி சிக்னலில் நின்றபோது தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பம்பு ஓடுகிறதா? ஓடாமல் எஞ்சின் எப்படி ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பம்பு நின்றுபோனாலும் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடத்தான் செய்யும். அது அவருக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் வினை.

குரும்பபாளையத்தில் ஓரம் கட்டினார். எஞ்சினை ஓடவிட்டே இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். அடித்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டு வந்து ஏறினார்.

ரெண்டு கிலோமீட்டர் போயிருக்க மாட்டார். கை வைத்தபோது அடித்தது சரி, இப்போது அடிக்கிறதா?

கோவில்பாளையத்தில் டீ சொல்லிவிட்டு, பாதி டீயை வைத்துவிட்டுப் போய் டிக்கியைத் திறந்து பார்த்தார். குடித்து முடித்ததும் மறுபடி போனார். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"டிக்கிக்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க, கொழந்தையா?"

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்னூரில் ஒரு முறை. திரும்பி வரும்போது மூன்று முறை. வண்டி ஒரு இடத்தில்கூட முரண்டு பிடிக்கவில்லை. இவருக்குத்தான் தோள் ரெண்டும் இறுகி, கழுத்து மரத்து, யாரோ அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியதும் மறுபடி டிக்கிப் பக்கம்தான் கால் போனது. கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணேமுக்கால் ஆச்சு. வண்டி நின்னுபோச்சுங்களா?"

"இல்லீங்க. ராசா மாதிரி ஓடுது."

"பொறவு?"

"நாந்தான் நிறுத்தி நிறுத்திப் பாத்தனுங்க."

"எத்தன தடவ?"

"ஏழு."

"பம்பு மக்கர் பண்ணுச்சா?"

"எப்பப் பாத்தாலும் அடிச்சிட்டுத்தான் இருந்துச்சு. கைய வெச்சாத் தெரியுது. கைய எடுத்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"போன மாசம் இதே வண்டிய ஊட்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போனீங்களே. அப்ப எத்தன தடவ நிறுத்திப் பாத்தீங்க?"

தெய்வசிகாமணி எண்ணுவதற்கு விரலை நீட்டினார், ஒன்றும் மடங்கவில்லை.

"ஒருக்காவும் இல்ல."

"ஏனுங்?"

"அதுதான் பின்னாடியே அடிச்சிட்டு இருந்துச்சுங்களே. அத எங்க நான் நெனச்சேன். பாட்டுப் பாடிட்டுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு, வண்டிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணி எழுந்து போனாள். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை.

போன் அடித்தது. இல்லத்திலிருந்துதான். "அஞ்சு நிமிசத்துல நானே கூப்பிடறனுங்க" என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதில், கிரீஸ் படிந்த தரையில் உட்கார்ந்துகொண்டு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நாளு அம்மணி. ஒரே ஒரு நாளு அந்தச் சத்தம் இல்லாமத் தூங்கோணும்னு நெனைக்கறேன். அது தப்புங்களா?"

"தப்பில்லீங்ணா" என்றாள் உடனே.

"அங்க அனுப்புனா நல்லாத்தான் பாத்துக்குவாங்க."

"பாத்துக்குவாங்க."

"என்னைவிட நல்லாவே பாத்துக்குவாங்க."

"ஆமாங்ணா."

"அப்ப அனுப்பறேன்னு சொல்லிப்போடட்டுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி. எனக்கு இனி ரோசனை பண்ணத் தெம்பில்ல."

கோகிலவாணி ஸ்டூலைத் தள்ளிவிட்டு, அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பம்பை எங்க வேணாலும் மாத்தலாமுங்ணா. காதைக் கழட்டி எங்க மாட்டுவீங்க?"